தண்ணீர் கேட்காத வீடுகள்

பெரியம்மா ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க சாமி" என்று கேட்டுவிட்டால் அந்த வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் கூடிவந்துவிட்டது என்று அர்த்தம். கேட்காமலே முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டால், அவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். பள்ளிபாளையத்திலிருந்து திருச்செங்கோடு, சங்ககிரி வரைக்கும் இது பல பேருக்குத் தெரிந்திருந்தது. யாரும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்குச் சொந்தப் பெரியம்மா இல்லை. எங்கள் சந்தின் கடைசி வீடு. சந்து முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. புருசன் லாரிப் பட்டறையில் வேலை பார்த்து, சீக்கிரமே போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. பவர்லூம் துண்டுகளை வாங்கி, ஊர் ஊராகப் போய் விற்று வருவார். ஒல்லி உடம்பு, நீள நடை. பேசும்போது எதிராளியைப் பார்க்க மாட்டார். எதிராளிக்குப் பின்னால் இருக்கிறதைப் பார்ப்பார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் விசாரிப்பார்கள். ஜாதகம் பொருந்தியிருக்கும், புரோக்கர் வானத்துக்கும் பூமிக்குமாகச் சொல்லியிருப்பார். இருந்தாலும் நம் ஆள் ஒருத்தர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் வெற்றிலை பாக்கு மாற்ற மனசு வரும். ஆம்பளைகள் போனால் டீக்கடையில் உட்கார்ந்து, "பையன் எப்பிடிங்க?" என்று கேட்பார்கள். டீக்கடைக்காரர், "தங்கமான பையனுங்க" என்பார். திரும்பி வந்துவிடுவார்கள். பெரியம்மாவுக்கு இது பெரிய சிரிப்பு.

"டீக்கடைல போயி ஆரு கண்ணு நெசத்தச் சொல்லுவா? அவனுக்கு நாளைக்கும் அந்தப் பையன் டீ குடிக்க வரோணுமில்ல?" என்பார்.

பெண் வீட்டார் வந்து கேட்டுக்கொண்டால் இவர் துண்டு மூட்டையோடு போவார். முதலில் மாவு மில்லில் போய் வரிசையில் உட்காருவார். அரைக்க ஒன்றும் இருக்காது, சும்மா உட்காருவார். மாவு மில்லில் காத்திருக்கிற பொம்பளைகள் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவார்கள், ரகசியம் எல்லாம் சத்தமாகத்தான் வரும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பிறகு அந்த வீதிக்குப் போய் நாலு வீட்டில் துண்டைப் பிரித்துக் காட்டுவார். கடைசியாகத்தான் மாப்பிள்ளை வீடு.

அங்கே போய் என்ன பார்ப்பார் என்று ஒருதரம் கேட்டேன்.

"அவங்க பேச்ச அவங்க பேசட்டும். நீ கொடியப் பாரு" என்றார்.

துணி காயப்போடும் கொடியைச் சொன்னார். யார் துணி வெயிலில் காய்கிறது, யார் துணி ஓரமாக நிழலில் கிடக்கிறது என்று பார்த்தால் அந்த வீட்டில் மருமகளுக்கு என்ன இடம் என்று தெரிந்துவிடுமாம். மூத்த மருமகளின் சேலை மட்டும் கொல்லைச் சுவரில் கிடந்தால், இளைய மருமகளின் சேலையும் அங்கேதான் போகும். ஒரு வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. பையனும் வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசினான். ஆனால் அவன் நாற்காலியை விட்டு எழுந்ததும் முற்றத்தில் படுத்திருந்த நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு சுவரோரமாகப் போனதாம். பெரியம்மா தண்ணீர் கேட்காமல் வந்துவிட்டார். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, அந்தப் பெண் கை ஒடிந்து பிறந்த வீட்டுக்கு வந்ததைப் பிற்பாடு கேள்விப்பட்டோம். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. "நானு இங்க சொன்னேன். அங்க சொல்லலையே கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவரிடம் அந்தக் குணம் எப்போதும் இருந்தது. கண்டுபிடித்ததில் சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏதோ திருடிக்கொண்டு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் பஸ்ஸை விட்டு இறங்குவார்.

வந்து சொல்வதும் நேராகச் சொல்ல மாட்டார். நல்ல இடமாக இருந்தால், "தண்ணி குடிச்சனுங்க" என்பார். சரியில்லை என்றால், "புள்ளைக்கி இப்ப என்ன அவசரமுங்க?" என்று ஒரே கேள்வி. பெண்ணைப் பெற்றவர் அதற்குமேல் கேட்கக் கூடாது. கேட்டாலும் காரணம் வராது. "காரணத்தச் சொன்னா அது நாலு ஊரு சுத்தும். அந்த ஊட்டுலயும் கட்டிக்குடுக்கற புள்ளைக இருக்குதில்ல?" என்பார். அவர் வேண்டாம் என்று வந்த வீட்டையும் காப்பாற்றத்தான் பார்த்தார்.

தண்ணீர் விசயம் வேடிக்கையாகிப்போனதும் உண்டு. நாளாக நாளாக ஊர்களில் இவரை அடையாளம் தெரிந்துகொண்டார்கள். "துண்டுக்கார அம்மா வந்திருச்சு, பையன உள்ள கூப்புடு" என்று தெருக்கோடியிலேயே சொல்லிவிடுவார்கள். ஒரு வீட்டில் பையனின் அக்கா மோர்ச் சொம்போடு இவர் பின்னாலேயே சுற்றினாளாம்.

"குடிங்க பெரியம்மா, வெயிலா இருக்குது."

"வெரதம் சாமி."

"இன்னிக்கி என்ன வெரதமுங்க?"

"செவ்வாக்கெழம வெரதம்."

"இன்னிக்கி பொதனுங்களே?"

"நேத்திக்கி மறந்துட்டேன். அதுக்கும் சேத்து இன்னிக்கி."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, பல்லெல்லாம் தெரிய, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கடைசியில் அந்த வீட்டில் மோர் குடித்துவிட்டுத்தான் வந்தார். "இத்தன ஆசையா ஒரு நாத்தனா சுத்தறான்னா அந்த ஊட்டுக்குப் பொண்ணக் குடுக்கலாம்" என்றார். அந்தப் பெண் இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள்.

ஏன் தண்ணீர் மட்டும் என்று கேட்டால், "ஒருத்தரு கையால வாங்கிக் குடிச்சுட்டு அவங்களப் பத்தி வெளிய போயி சொல்றதுக்கு என்ற நாக்கு வராது" என்பார். அதனால் விசாரித்து முடித்து, சொல்வதற்குக் கெட்டது எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கேட்பார். அவருக்கு அது ஒரு கட்டுப்பாடு. ஊருக்கு அது முத்திரையாகிவிட்டது.

என் தையல் கடைக்கு எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இடம் வந்தது. பூங்கொடி என்று வைத்துக்கொள்வோம். அவள் அப்பா பேப்பர் மில்லில் வேலை. மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். வண்டியோடு ஆந்திரா, தெலங்கானா என்று போனால் திரும்பிவர மாதக்கணக்காகும். ரிக் பையன்களை விசாரிப்பது கஷ்டம். வாழ்கிறது ஒரு ஊர், விசாரிக்கிறது ஒரு ஊர். பூங்கொடியின் அப்பா நேராகப் பெரியம்மா வீட்டுக்குத்தான் போனார்.

சித்திரை மாதம். காலையில் மூட்டையோடு பஸ் ஏறினார் பெரியம்மா. மத்தியானம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குப் போன் வந்தது. "உங்க பெரியம்மா எங்க ஊட்டுல தண்ணி குடிச்சுட்டாங்க!" பூங்கொடியின் அப்பா வாசலுக்கு வந்து சந்தெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். சாயங்காலமே பேசிவிடுவோம் என்று பங்காளிகளுக்கு ஆள் போனது. என்னை ரவிக்கைக்கு அளவு எடுக்கக் கூப்பிட்டார்கள். நான் பூங்கொடிக்குக் கை அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா உள்ளே வந்தார். வீட்டில் அதற்குள் கேசரி கிளறும் வாசம். பூங்கொடியின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், சந்தோச அழுகை.

பூங்கொடி வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "பெரியம்மா, நல்ல எடந்தானுங்களா? நீங்க சொன்னாத்தானுங்க."

பெரியம்மா அவள் முகத்தைப் பார்த்தார். அவர் ஒருத்தர் முகத்தை நேராகப் பார்த்தது எனக்குப் புதுசு.

"அவங்கம்மா ரொம்ப நல்லவங்க சாமி" என்றார்.

பூங்கொடி சிரித்தாள். நான் அடுத்த கைக்கு டேப்பைச் சுற்றினேன்.

கல்யாணம் நடந்தது. மகள் பிறந்து, தொட்டில் போட்டுப் பேர் வைத்த பிறகு வண்டியோடு போனவன் திரும்பி வரவில்லை. அவனோடு ரிக்கில் இருந்த ஒருத்தர் மனசு கேட்காமல் வந்து சொன்னார். ஆந்திராவில் அவனுக்கு முன்னாலேயே ஒரு பெண்டாட்டியும் ஒரு பையனும் இருக்கிறார்கள், அங்கேயே தங்கிவிட்டான். பூங்கொடி கைக்குழந்தையோடு எதிர்வீட்டுக்குத் திரும்பி வந்தாள். மாமியார் வந்து காலில் விழாத குறையாக அழுதுவிட்டுப் போனார். அந்த அம்மா உண்மையில் நல்லவர்தான். பெரியம்மா அதில் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பெரியம்மா விசாரிக்கப் போவதை விட்டுவிட்டார். விட்டதோடு நிற்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும், எழவு வீடாகட்டும், நோம்பி, பண்டிகை வீடாகட்டும், வாசப்படி தாண்டியதும் முதல் வேலையாகத் தண்ணீர் கேட்டு வாங்கி, சொம்பைக் காலிபண்ணிவிட்டுத்தான் உட்காருவார். "குடிச்சுட்டனுங்க. இனி எங்கிட்ட ஆரப் பத்தியும் ஒண்ணும் கேக்காதீங்க" என்பார். பெரியம்மாவுக்குச் சர்க்கரை வந்துவிட்டது, அதனால்தான் தாகம் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

பூங்கொடியின் மகளைத் தூக்கி வளர்த்தது பாதிக்கு மேல் அவர்தான். பூங்கொடி பனியன் கம்பெனிக்குப் போக ஆரம்பித்ததும் குழந்தை காலையிலிருந்து பொழுது சாயும் வரை பெரியம்மா வீட்டில். தலைவாரி, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், சாயங்காலம் மணி அடிக்கும் முன்னே போய் கேட்டில் நிற்பார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பெரியம்மா முகம்தான் சுருங்கும். "எங்கம்மா கூட இப்பிடிப் பாத்ததில்லீங்க அக்கா. போன பொறவில இவங்க எனக்கு என்ன ஒறவோ" என்று பூங்கொடி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போது பெரியம்மா பக்கத்தில் இருந்தால் எழுந்து போய், வாசலில் கட்டியிருக்கும் தன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். மாடு அப்போதுதான் குடித்து முடித்திருக்கும்.

இனி நான் நாவல் எழுதின கதை. நான் பத்தாவதோடு நின்றவள். தையல் மிஷினில் ஒரு காலும், வாடகை நூலகத்துப் புத்தகத்தில் ஒரு கண்ணுமாக வளர்ந்தவள். சரித்திரக் கதை, துப்பறியும் கதை இரண்டும் எனக்கு உயிர். இரண்டையும் சேர்த்து, வெள்ளைக்காரக் கும்பினிக் காலத்துச் சங்ககிரிக் கோட்டையில் ஒரு மர்மம், அதைத் துப்புத்துலக்குகிற சாதாரணப் பொம்பளை ஒருத்தி என்று எழுத உட்கார்ந்தேன். கோட்டைக் களஞ்சியத்துக் கணக்கர் சுனையில் பிணமாக மிதக்கிறார். பழி ஒரு நெசவாளி மேல் விழுகிறது. வள்ளாத்தாள் என்கிற துணி விற்கிற விதவை உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். வள்ளாத்தாள் விசாரிக்கிற வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டாள். யாரைப் பார்த்து எழுதினேன் என்று சொல்லவே வேண்டியதில்லை.

எழுத எழுதப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவருக்கு ஒரே குஷி.

"அந்தக் காலத்துல மாவு மில்லு ஏது கண்ணு?"

"செக்கடின்னு மாத்திட்டனுங்க பெரியம்மா."

"செக்கடி செரிதான். மாடு சுத்தறவரைக்கும் உக்காந்து பேசலாம். ஆமா, என்னய எதுக்கு இத்தன அழகா எழுதியிருக்கற?"

"சரித்திரக் கதைல அழகாத்தான் இருக்கோணும்."

"அப்பிடியா? அப்ப இன்னுங் கொஞ்சம் அழகாவே எழுதி உடு."

ஒருநாள் நான், வள்ளாத்தாள் ஒரு வீட்டிலாவது தோற்றுப்போக வேண்டும், அப்போதுதான் கதையில் உயிர் இருக்கும் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். பெரியம்மா மடியில் கிடந்த பூங்கொடி மகளின் பள்ளிச் சட்டையை எடுத்து, போட்டிருந்த பட்டனை அறுத்து, திரும்பத் தைக்க ஆரம்பித்தார். தைத்துக்கொண்டே சொன்னார்.

"நானு அந்த ஊட்டுல தண்ணி கேக்கல கண்ணு. பஸ்ஸ உட்டு எறங்கி வெயில்ல நடந்தனா, அவங்க வாசல்லயே மயக்கம் போட்டுட்டேன். முழிச்சுப் பாத்தா அந்தம்மா மடில கெடக்கறேன். வாயில தண்ணி. நானு குடிச்சுட்டேன். பாயப் போட்டுப் படுக்க வெச்சாங்க. விசிறி உட்டாங்க. அப்ப உள்ள போனு வந்துச்சு. நானு தூங்கறன்னு நெனச்சுட்டாங்க. எடுத்து, 'அன்னம் தின்னாவா நான்னா'ன்னு கேக்கறாங்க. சோறு தின்னயா கண்ணுன்னு. நானு அம்மாபேட்டைல பொறந்தவ. பக்கத்து ஊடெல்லாம் தெலுங்கு பேசற தறிக்காரங்க, அந்தப் பேச்சக் கேட்டுத்தான் வளந்தேன். அந்தம்மா திருச்செங்கோட்ட உட்டு அக்கட்டால போகாதவங்க. அவங்களுக்கு எதுக்குத் தெலுங்கு? அதுவும் கொழந்தைகிட்ட பேசற தெலுங்கு?"

நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

"போன வெச்சுட்டுத் திரும்புனாங்க. நானு கண்ண முழிச்சுட்டு இருக்கறேன். பாத்துட்டாங்க. எங்கையப் புடிச்சுக்கிட்டு, 'அது தெரியாத்தனமா ஆயிப்போச்சுங்க அக்கா, அதெல்லாம் உட்டுட்டு வந்துட்டேங்கறான், இங்க ஒருத்தி வந்துட்டா இருந்துக்குவான், என்ற பேரன் அங்க அனாதியா கெடக்கறான், அவங்கூட நானு பேசாம இருக்க முடியுதுங்களா'ன்னு அழுகறாங்க. நானு என்னத்தச் சொல்றது? அவங்க தண்ணி என்ற வயித்துல இருக்குது."

"வந்து 'என்ன அவசரம்'னு ஒரு வார்த்த கேட்டிருந்தாப் போதுமுங்களே பெரியம்மா" என்றேன்.

"போதும். அதத்தான் பஸ்ஸுல சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். எறங்கறப்பவே இங்க கேசரி கெளறிட்டிருக்கறாங்க. எனக்கு முந்தி என்ற தண்ணி வந்து சேந்துருச்சு. அப்பவும் சொல்லியிருக்கலாம். அந்தப் புள்ள கேட்டா. மூஞ்சியப் பாத்துக் கேட்டா. நானு அவங்கம்மாவப் பத்திச் சொன்னேன்."

பட்டனைத் தைத்து முடித்து நூலை அறுத்தார். பிறகு சொன்னார்.

"எழுதறதுன்னா எழுது. ஆனா உன்ற கதைல அவ வாயத் தொறந்து சொல்லிரட்டும். அந்தப் பொண்ணு பொழச்சுப் போவட்டும்."

அப்படியே எழுதினேன். ரிக் வண்டியைப் பீரங்கி வண்டியாக்கினேன், டிரில்லரைச் சிப்பாயாக்கினேன். சிப்பாயின் அம்மா, வடக்கேயிருந்து வந்த பொதிவண்டிக்காரனிடம் குழந்தை சாப்பிடுகிறானா என்று தெலுங்கில் விசாரிக்கிறாள். மயக்கம் தெளிந்து கேட்டுக்கொண்டிருந்த வள்ளாத்தாள், வயிற்றில் தண்ணீரோடு ஓடிவந்து, முகூர்த்தக்கால் நடுகிற இடத்தில் நின்று உண்மையைச் சொல்கிறாள். பெண் தப்பிக்கிறாள். அந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டியபோது பெரியம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "நல்லாருக்குது" என்றார். அவர் குரலில் அவ்வளவு ஆசையை நான் கேட்டதில்லை.

புத்தகம் வருவதற்கு முன் பெரியம்மா போய்விட்டார். காரியமெல்லாம் பூங்கொடிதான் முன்னால் நின்று செய்தாள்; அவள் மகள், பெண் பிள்ளை என்று யாரோ தடுத்தும் கேட்காமல், கொள்ளிச் சட்டி தூக்கிக்கொண்டு நடந்தாள். புத்தகம் வந்தது. நாலு பேர் படித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். வள்ளாத்தாளை வைத்து இன்னொன்று எழுதச் சொன்னார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி கடைக்கு வந்தாள். கையில் புத்தகம். மகள் எதிரே பேக்கரி வாசலில் கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டு நின்றாள். பூங்கொடி கதவருகில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த வள்ளாத்தா நம்ம பெரியம்மாதானுங்களே?"

"ஆமா பூங்கொடி. சந்துக்கே தெரியுமே."

"தண்ணி குடிக்காதது, துணி விக்கறது எல்லாம் செரி. ஊருக்கே தெரிஞ்சது. மாப்பளையோட அம்மா ஒளிச்சு வெச்சுத் தெலுங்கு பேசறாங்களே, அது எங்கிருந்துங்க வந்துச்சு? என்ற மாமியா தெலுங்கு பேசறது நானே கட்டிக்கிட்டுப் போயி வெகுநாளைக்கி அப்பறந்தானுங்க பாத்தேன். உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

நான் வெட்டிவைத்த துணியை மடித்தேன். பிரித்தேன். மறுபடி மடித்தேன். இரண்டு நூற்றாண்டு பின்னால் கொண்டுபோய் ஒளித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆடை, ஆயுதம், வண்டி எல்லாவற்றையும் மாற்றினவள், ஒரு கிழவி பேரனிடம் பேசுகிற பாசையை மட்டும் மாற்றவில்லை. அது அவ்வளவு நன்றாக இருந்தது. விட மனசு வரவில்லை.

"அவங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றாள் பூங்கொடி.

"பெரியம்மாவுக்கு உம்மேல உசுரு பூங்கொடி."

"நானு அதக் கேக்கலீங்க அக்கா."

சொன்ன பிறகுதான் உறைத்தது, நானும் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு டேப்போடு நின்ற அதே கையோடு நிற்கிறேன்.

"தெரியும்" என்றேன்.

"எப்ப?"

"அன்னிக்கே. நீ கேக்கறதுக்கு முன்னாலயே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கதவு வழியாக மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கையை ஆட்டி, இதோ வாரேன் என்று சைகை காட்டினாள்.

"இவளுக்குத் தல வாரி உட்டதெல்லாம் பாசம்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"பாசந்தான்."

"பாசமுங்களா, பரிகாரமுங்களா?"

பெரியம்மாவைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

பூங்கொடி புத்தகத்தைப் பிரித்தாள். அந்த அத்தியாயத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"இங்க அந்தப் பொண்ணு தப்பிச்சுக்கறா. அப்பறம் நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்தர்றாங்க. படிக்க நல்லாத்தானுங்க இருக்குது. நானும் ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டேன். அப்பறம் பாத்தா, அவ தப்பிச்சுட்டா எம்புள்ள எங்கீங்க? உங்க கதைல எம்புள்ள பொறக்கவே இல்லீங்களே."

எழுதும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. பெரியம்மாவை அழகாக்க வேண்டும் என்ற ஆசையில், அவர் கடைசி வரைக்கும் கைப்பிடித்துக் கூட்டிப்போன பிள்ளையைத்தான் கதையிலிருந்து எடுத்துப்போட்டிருக்கிறேன். பெரியம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாரே, அவருக்கும் தோன்றியிருக்காது. மடியில் அந்தப் பிள்ளையின் சட்டையை வைத்துக்கொண்டுதான் அப்படி எழுதச் சொன்னார்.

"தப்புதான் பூங்கொடி" என்றேன்.

"அதுக்காக அவங்க சொல்லாம உட்டது செரின்னு நானு சொல்ல வரல. சொல்லியிருக்கோணும். நானு வாய உட்டுக் கேட்டனுங்க. எம்புள்ள இருக்கறாங்கறதுக்காக அது செரியாயிராது. ரெண்டும் இருக்குது. நானு ரெண்டையும் வெச்சுக்கிட்டுத்தான் இருக்கோணும். நீங்க மட்டும் ஒண்ண எடுத்துட்டீங்க."

"அடுத்த பதிப்புல மாத்திடட்டுமா?"

"அந்தக் கத வேண்டாம். அது கும்பினிக் காலத்துக் கத, அவங்க ஆசப்பட்டபடி கெடக்கட்டும். வேற எழுதறதுன்னா எழுதுங்க. பீரங்கி வண்டியெல்லாம் வேண்டாம். நடந்தத நடந்தபடி எழுதுங்க. எம்புள்ளயும் இருக்கோணும், அவங்க எம்மூஞ்சியப் பாத்துட்டு வாய மூடிக்கிட்டதும் இருக்கோணும்."

"பேரு?"

மகள் பேக்கரியிலிருந்து சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். பூங்கொடி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவங்க பேரு மட்டும் வேண்டாமுங்க அக்கா" என்றாள் மெதுவாக. "அவ பரிச்சைக்குப் போறப்பெல்லாம் அந்தப் பேரச் சொல்லித்தான் சாமி கும்புடறா."